'தாங்கு' என்னும் அறிவுரையும் தலைவியின் மறுமொழியும்: குறுந்தொகை 290ஆம் பாடல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

குறுந்தொகை 290ஆம் பாடல் பிரிவாற்றாத தலைவியின் புலம்பலாகவே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. அண்மைக் காலத்தில் அது 'காதல் தோல்விப் பாடல்' என்னும் பொதுத் தலைப்பின் கீழும் வைக்கப்படுகிறது. ஆயின் பாடலின் தொடரமைப்பு, பன்மை வழக்கு, உவமை, அடியளவு ஆகியவற்றை நுணுகி நோக்கினால், அது ஆறுதல் சொல்வோரின் அறிவுரைக்குத் தரப்பட்ட மறுமொழி என்பது விளங்கும். இழப்பைக் கடந்து செல்லுமாறு கூறும் அறிவுரையை அகமரபு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை இப்பாடலின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குறுந்தொகை, கல்பொரு சிறுநுரையார், நெய்தல், இரங்கல், ஆற்றாமை, உவமை

பாடலும் அதன் சூழலும்

குறுந்தொகையை முதன்முதலில் 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் அச்சிட்டார். 1937இல் உ.வே. சாமிநாதையர் தம் ஆராய்ச்சிப் பதிப்பை வெளியிட்டார்.  பாடியவர் கல்பொரு சிறுநுரையார். இயற்பெயர் மறைந்து, பாடலில் அமைந்த உவமைத் தொடரே புலவருக்குப் பெயராயிற்று. செம்புலப் பெயல்நீரார், மீனெறி தூண்டிலார், ஓரேர் உழவனார், குப்பைக் கோழியார் ஆகியோர் இவ்வகையில் பெயர்பெற்ற பிற புலவர்கள். இப்பெயர்கள் பாடியவர் ஆணா பெண்ணா என்பதைக்கூட அறிவிப்பதில்லை. ஆகவே புலவரின் வாழ்விலிருந்து பாடலுக்குப் பொருள் தேட வழியில்லை. பாடலின் சொற்களை மட்டுமே சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது.

பாடல் ஆறடி உடையது. அதன் செய்தியைச் சுருங்கக் கூறலாம். காமத்தைத் தாங்கிக்கொள் என்று சொல்வோர் உளர். அவர்கள் அதன் இயல்பை அறியாதவர்களோ? அல்லது அதனைத் தாங்கும் அத்துணை வலிமை உடையவர்களோ? நாங்களோ எங்கள் காதலரைக் காணாவிடின், செறிந்த துனி பெருகிய நெஞ்சத்தோடு, பெருகிவரும் நீரில் பாறைமேல் மோதும் சிறிய நுரைபோலச் சிறிது சிறிதாக இல்லாமற் போவோம். பாடலில் உள்ளவை இவ்வளவே. பூவோ பறவையோ பொழுதோ ஊரோ இல்லை. தலைவன் ஏன் பிரிந்தான், எங்குச் சென்றான், மீள்வானா என்னும் வினாக்களுக்கும் விடையில்லை. குறுந்தொகைப் பாடல்களுள்ளும் இத்துணைக் குறைந்த கருப்பொருளோடு இயங்குபவை சிலவே.

அறிவுரைக்கு எதிரான வாதம்

பாடல் தலைவியின் துயரத்தில் தொடங்கவில்லை. பிறர் கூற்றில் தொடங்குகிறது. 'தாங்குமதி' என்னும் ஏவலில் உள்ள 'மதி', தொல்காப்பிய இடையியல் கூறும் முன்னிலை அசைச்சொற்களுள் ஒன்று. எனவே அது யாரோ ஒருவர் தலைவியின் முகத்தை நோக்கிச் சொன்ன சொல். தலைவி அதனை அவ்வாறே எடுத்து மொழிந்து, சொன்னவர்களைப் படர்க்கைப் பன்மையில் நிறுத்துகிறாள். நேரில் நின்று அறிவுரை கூறியவர் அவளுடைய மறுமொழியில் முன்னிலை ஆகவில்லை. அவர் 'சொல்வோர்' என்னும் கூட்டத்துள் ஒருவராகித் தொலைவுக்குச் சென்றுவிடுகிறார்.

ஆற்றியிருக்குமாறு வற்புறுத்தும் தோழிக்குத் தலைவி கூறியதாகவே மரபு இப்பாடலுக்குத் துறை வகுத்துள்ளது. இங்கு ஒரு சிக்கல் உண்டு. பாடலுள் தோழியை விளிக்கும் சொல் எதுவும் இல்லை. 'என்போர்' என்னும் பன்மை ஒருத்தியைக் குறிப்பதற்கு இயல்பானதும் அன்று. துறைக்குறிப்பு பாடலுக்குப் புறத்தே நின்று அதனை ஓர் உரையாடலில் பொருத்துகிறது. அப்பொருத்தம் தவறு என்று கூற வேண்டியதில்லை. தோழியே அறிவுரை கூறியிருந்தாலும், தலைவி அவளைப் பெயர் சுட்டி மறுக்காமல் 'அப்படிச் சொல்வோர்' என்று பொதுவாக்கிக் கூறுவது உறவைக் காத்துக்கொண்டே மறுக்கும் முறையாகும். எனினும் துறைக்குறிப்பை முதலில் படித்துவிட்டுப் பாடலுக்குள் நுழையும் வழக்கம் இந்த நுட்பத்தை மறைத்துவிடுகிறது.

மறுப்பின் அமைப்பு கருதத்தக்கது. இரண்டு வினாக்கள், இரண்டிலும் 'கொல்' என்னும் ஐயப்பொருள் இடைச்சொல். அறிவுரை கூறுவோர் அறியாதவராக இருக்க வேண்டும். அன்றேல் வலியவராக இருக்க வேண்டும். அறியாதவர் எனின் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. வலியவர் எனின் அச்சொல் அவருக்கே பொருந்தும், தலைவிக்கு ஆகாது. இரு கிளைகளில் எதனைக் கொண்டாலும் அறிவுரை வீழ்கிறது. இரண்டாம் வினாவை எள்ளலாகக் கொள்வோரும் உண்டு. ஆயின் 'கொல்' தரும் ஐயம் எள்ளலைக் கட்டாயமாக்கவில்லை. அத்தகைய வலிமை உலகில் உண்டு என்பதைத் தலைவி மறுக்கவில்லை என்று கொள்வதே பாடலுக்குக் கூடுதல் கனம் சேர்க்கும். தன்னிடம் அது இல்லை என்பதே அவள் சொல்ல வருவது. அவ்வலிமையைத் தானும் முயன்று பெறலாம் என்னும் மூன்றாவது வழியை அவள் எண்ணவே இல்லை. துயரைக் கடந்து செல்வது பயிற்சியால் அடையத்தக்கது என்று கருதும் இக்காலப் படிப்பாளருக்கு இந்த இன்மையே வியப்பைத் தரும்.

அறிவுரைக்கும் மறுமொழிக்கும் இடையே ஒரு சொல் மாறியிருப்பதையும் காணலாம். அறிவுரையாளர் கூறுவது 'காமம்'. தலைவி தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் கூறுவது 'காதலர்'. அவர்களுக்கு அது ஓர் உணர்வு. உணர்வாதலின் தாங்கலாம், அடக்கலாம், குறைக்கலாம். அவளுக்கு அது ஒரு மனிதன். அவன் கண்ணுக்குத் தெரிகிறானா இல்லையா என்பதே கேள்வி. ஆறுதல் மொழிகள் பலவும் தோற்கும் இடம் இதுவே. இழந்தவர் ஓர் ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, தேற்றுவோர் ஒரு மனநிலையைப் பற்றிப் பேசுகின்றனர்.

'தாம்', 'யாம்' என்னும் இரு சொற்களின் இருப்பிடமும் இந்த எதிர்நிலைக்குத் துணைசெய்கிறது. முன்னது முதலடியின் இறுதிச் சீரில் நிற்கிறது. பின்னது மூன்றாம் அடியின் முதற்சீரில் வருகிறது. ஒலியால் நெருங்கியும் பொருளால் விலகியும் இவை பாடலை இரு பக்கங்களாகப் பிரிக்கின்றன. தலைவி தன்னைப் பன்மையில் கூறிக்கொள்வது அகப்பாடல்களில் அரிதன்று. ஆயினும் இங்கு அப்பன்மை, சொல்வோர் கூட்டத்திற்கு எதிரே துயருறுவோர் கூட்டம் ஒன்றை நிறுத்துகிறது. இதனை 'நான்' என்று ஒருமையாக்கி உரைப்போர் வாதத்தைத் தன்னிரக்கமாகச் சுருக்கிவிடுகின்றனர்.

தாங்குதலும் பெருக்கும்

'தாங்கு' என்னும் வினை பொறுத்தலையும் குறிக்கும். தடுத்து நிறுத்தலையும் குறிக்கும். அறிவுரையாளர் முதற்பொருளில் கூறியிருக்கலாம். தலைவி இரண்டாம் பொருளையும் உடன்கொண்டு, தாங்குதல் என்பதை நீரின் முன் வைத்துச் சோதிக்கிறாள். நீர்ப்பெருக்கைத் தாங்க வல்லது பாறை, நுரை அன்று. உவமை அறிவுரையின் வினைச்சொல்லிலிருந்தே பிறந்துள்ளது. ஔவையாரின் குறுந்தொகை 29ஆம் பாடலிலும், கிட்டாததற்கு ஆசைப்படும் நெஞ்சைத் தலைவன் கடியும்போது, உள்ளத்தால் தாங்க இயலாத வெள்ளமும் மழைநீரை ஏற்ற சுடாத மண்கலமும் ஒருங்கே வருகின்றன. தாங்குதலும் பெருக்கும் இணைந்து வரும் வழக்கு இத்தொகைக்குப் புதிதன்று. ஆயின் 29ஆம் பாடலில் கலமும் நீரும் வெவ்வேறு பொருள்கள். 290இல் நுரை நீரினின்றே தோன்றுவது. தன்னை அழிக்கும் பெருக்கின் ஒரு கூறாகவே தலைவி தன்னைக் காண்கிறாள்.

நெஞ்சம் துனியால் 'பெருகிய'து என்பதும், நீர் 'பெருநீர்' என்பதும், நுரை 'சிறுநுரை' என்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பெருகுவது நெஞ்சம், சிறுகுவது அவள். உவமையின் பொருத்தத்தை இவ்வாறு விரித்தால், பெருக்கு வெளியிலிருந்து வந்த ஒன்றன்று. அவளுடைய நெஞ்சத்துத் துனியே அது. துனி என்பதனை வெறும் துன்பம் என்று உரைத்து அமையலாம். ஆயின் திருக்குறள் காமத்துப்பாலில் புலவியின் முதிர்ந்த நிலையையும் துனி என்னும் சொல் குறிக்கிறது. அந்தச் சாயலை இங்கும் ஏற்றால், தலைவியின் நெஞ்சத்தில் துயரோடு சினமும் வெறுப்பும் செறிந்துள்ளன என்றாகும். சினம் தலைவன்மீதோ அறிவுரையாளர்மீதோ என்பதைப் பாடல் சொல்லவில்லை. இருவர்மீதும் என்று கொள்ளத் தடையில்லை. இப்பாடலை மெலிந்த குரலாக மட்டும் வாசிப்போர் இச்சொல்லைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

உவமையின் மீது ஒரு தடையை எழுப்பலாம். பாறையில் மோதிய நுரை கணத்தில் சிதறும். அதற்கு 'மெல்ல மெல்ல' எவ்வாறு பொருந்தும்? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பாடலின் வெற்றியே இதற்கான விடையில்தான் உள்ளது. வெள்ளம் வரும் ஆற்றில் நுரை ஒரு குமிழியாக வருவதில்லை, திரளாக வரும். பாறை தோறும் மோதும்போது திரளின் ஒரு பகுதி உடையும், எஞ்சியது நகரும், அடுத்த பாறையில் மேலும் குறையும். சில வேளைகளில் பாறையின் ஓரத்தில் ஒதுங்கிய நுரை அங்கேயே சுழன்று, குமிழிகள் ஒவ்வொன்றாக உடைய, அதன் விளிம்பு மட்டும் சற்று நேரம் நிலைத்துப் பின் அதுவும் மறையும். எந்தக் கணத்தில் நுரை இல்லாமற் போயிற்று என்று பார்ப்பவரால் சுட்டிச் சொல்ல இயலாது. 'மெல்ல' என்பதன் அடுக்கு, தொல்காப்பியர் கூறும் மூவகை அடுக்குகளுள் பொருளொடு புணர்வது. அது மெதுவாக நிகழ்தலையும் மீண்டும் மீண்டும் நிகழ்தலையும் ஒருங்கே தருகிறது. ஒவ்வொரு மோதலும் ஓர் இழப்பு. எந்த ஒரு மோதலும் முழு அழிவாகத் தோன்றாமையால்தான் அறிவுரையாளருக்கு அது தாங்கத்தக்கதாகத் தெரிகிறது.

'பெருநீர்' கடலா, ஆற்றுவெள்ளமா? திணை நெய்தல் ஆதலின் கடல் என்று கொள்ளும் நாட்டம் எழும். ஆயின் பாடலின் நெய்தல் தன்மையை இரங்கல் என்னும் உரிப்பொருளே நிறுவிவிடுகிறது. அதற்காகக் கடலைத் தேட வேண்டியதில்லை. கடலெனக் கொண்டால் ஒவ்வோர் அலையும் புதிய நுரையைக் கொணரும். இல்லையாதல் என்னும் முடிவு வலுவிழக்கும். திரும்பி வாராத ஓட்டத்தையுடைய வெள்ளமே பாடலின் இறுதிச் சொல்லுக்கு ஏற்றது.

யாப்பும் இதற்கு உடன்படுகிறது. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீர் பெறுவது இலக்கணம். அவ்விதியின்படி இங்குக் குறையும் அடி நுரையைக் கூறும் ஐந்தாம் அடியே. பிற அடிகளெல்லாம் நாற்சீராய் நிற்க, நுரை வரும் இடத்தில் அடி சுருங்குகிறது. இது புலவரின் திட்டமா, தற்செயலா என்று ஆராய்வதில் பயனில்லை. ஓதிக் காட்டும்போது செவி அதனை உணர்கிறது. அடுத்து வரும் இறுதியடி லகர மெய் இரட்டித்த ஒலியால் நிறைந்து, வன்மையான மோதல் ஏதுமின்றி முடிகிறது.

புணையுள்ள பெருக்கும் புணையற்ற பெருக்கும்

பாறையில் மோதி ஒலிக்கும் பெருநீரைச் சங்க இலக்கியம் மற்றொரு பாடலிலும் காட்டுகிறது. கணியன் பூங்குன்றனாரின் புறநானூறு 192ஆம் பாடலில் மழையால் பெருகிய ஆறு கல்லோடு பொருது செல்கிறது. அதன் வழியே ஒரு புணை செல்கிறது. உயிர் முறைவழியே செல்லும் என்பதைத் தெளிந்தவர், வாழ்தலை இனிதென்று மகிழ்வதும் இல்லை; வெறுத்து இன்னாதென்பதும் இல்லை. இழப்பைக் கடந்து செல்வதற்குத் தமிழில் கூறப்பட்ட மிக உறுதியான அடிப்படைகளுள் ஒன்று அது. நீரும் கல்லும் இரு பாடல்களிலும் உள்ளன. வேறுபாடு மிதக்கும் பொருளில்தான். புணை பெருக்கோடு செல்லும். மோதினாலும் பெரும்பாலும் எஞ்சும். நுரை பெருக்கோடு செல்லும், மோதுந்தோறும் குறையும். 'தாங்கு' என்போர் புணையின் நிலையிலிருந்து நுரைக்கு அறிவுரை கூறுகின்றனர் என்று இவ்விரு பாடல்களையும் ஒருசேர வைத்துப் படிப்பவர் கூறலாம். திருக்குறளின் படர்மெலிந்திரங்கல் அதிகாரத்துத் தலைவி காமக் கடல் உண்டு, அதனை நீந்துதற்குரிய புணை இல்லை என்கிறாள். அவளுக்கேனும் நீந்துவோர் என்னும் நிலை எஞ்சியுள்ளது.

அறநூல்கள் நீர்க்குமிழியை வேறு நோக்கில் ஆண்டன. நாலடியாரின் யாக்கை நிலையாமையில் மழைநீர்க் குமிழி உடம்பின் நிலையாமைக்கு உவமை. அதன் விளைவு துறவு. நிலையாதது என்பதால் பற்றை விடு என்பது அங்குக் கூறப்படும் முறை. குறுந்தொகைத் தலைவி அதே வகைப் பொருளைக் கையாண்டு எதிர்முடிவுக்கு வருகிறாள். நிலையாத தன்மையே தாங்க இயலாமைக்குக் காரணமாகிறது.

தலைவனுக்குக் கூறப்படும் அறிவுரையையும் இங்கு ஒப்பிட வேண்டும். வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 58ஆம் பாடல் கழற்றெதிர்மறைத் துறையினது. இடித்துரைக்கும் நண்பர்களை நோக்கித் தலைவன், உங்களால் இதனை நிறுத்த முடியுமாயின் நன்று என்கிறான். வெயிலில் காய்ந்த பாறைமேல் வைத்த வெண்ணெயைக் கையற்ற ஊமை கண்ணால் காப்பதுபோலத் தன் நோய் பரவுகிறது என்பது அவன் உவமை. அங்கும் பாறை உண்டு; அதன்மேல் உருவழியும் மென்பொருள் உண்டு; அறிவுரைக்கு மறுமொழியும் உண்டு. ஆயின் தலைவன் அறிவுரையாளரை நேரே விளிக்கிறான், அவர்கள் 'கேளிர்'. அவன் உவமையில் காப்பவன் ஒருவன் இருக்கிறான். செயலற்றவன் எனினும் பார்த்துக்கொண்டிருக்கிறான். பரவுவது நோய், நோயுற்றவன் இருக்கிறான். 290இல் விளி இல்லை, காவலன் இல்லை, நோய் என்று தனித்துச் சுட்டப்படும் ஒன்றும் இல்லை. அழிவது தலைவியே. ஒரே வாதம் இரு குரல்களில் எவ்வாறு வேறுபடுகிறது என்பதற்கு இவ்விணை நல்ல சான்று. 58ஆம் பாடலில் தலைவனின் குரலை அமைத்தவர் பெண்பாற் புலவர் என்பது மேலும் ஆராயத்தக்கது.

'தோல்வி' என்னும் தலைப்பு

இப்பாடலைக் காதல் தோல்வி என்னும் தலைப்பின்கீழ் வைப்பது இலக்கண நோக்கில் பொருந்தாது. 'காணேம் ஆயின்' என்பது நிபந்தனை. 'ஆகுதும்' என்பது இனி நிகழ்வதைக் கூறும் தன்மைப் பன்மை வினைமுற்று. தலைவன் நிலையாகப் பிரிந்துவிட்டான் என்று பாடல் எங்கும் கூறவில்லை. காணாவிடின் இல்லாமற் போவோம் என்பதனுள், கண்டால் இருப்போம் என்பதும் அடங்கும். அறிவுரைக்குப் பதிலாகத் தனக்கு என்ன வேண்டும் என்பதையும் தலைவி கூறிவிட்டாள்: தேற்றுதல் வேண்டா, காணுதல் வேண்டும். கேட்பவள் தோழியாயின் அவள் செய்யக்கூடியதும் அதுவே.

அகத்திணை இலக்கணத்தில் 'கடந்து செல்லுதல்' என்னும் உரிப்பொருள் இல்லை. பிரிவில் உள்ளவை இருத்தலும் இரங்கலும். அறிவுரையாளர் தலைவியிடம் வேண்டுவது முல்லையின் இருத்தலை. அவள் நிற்பதோ நெய்தலின் இரங்கலில். தொல்காப்பியக் களவியல் காமத்தின் நிலைகளை வேட்கை தொடங்கிச் சாக்காடு வரை ஒன்பதாக வரிசைப்படுத்தும்போது 'மறத்தல்' என்பதையும் ஏழாவதாகக் கூறுகிறது. அது காதலரை மறந்து மீள்வதைக் குறிக்காது. மயக்கத்திற்கும் சாக்காட்டிற்கும் முன்னதாக நிற்பதால் தன்னிலை மறத்தல் என்பதே பொருந்தும். மறதி அங்கு நோய் தணிந்ததன் அடையாளமாகக் கருதப்படவில்லை. முற்றியதன் அடையாளமாகவே கருதப்பட்டது.

எனினும் நோய் தானே தணியலாம் என்னும் எண்ணத்திற்கு அகப்பாடல்கள் முற்றிலும் கதவடைத்துவிடவில்லை. குப்பைக் கோழியாரின் குறுந்தொகை 305ஆம் பாடலில் தலைவி தன் நோயைக் குப்பையில் தனித்துப் போரிடும் கோழிகளோடு ஒப்பிடுகிறாள். ஏவிவிடுவோரும் இல்லை; விலக்கிவிடுவோரும் இல்லை. அப்போர் தானே முடிந்தால் முடியும். அவ்வாறே தன் நோயும் தானே அழிந்தாலன்றிக் களைவார் இல்லை என்கிறாள். உதவ ஒருவரும் இல்லாத இத்தனிமையை 290ஆம் பாடலின் அறிவுரைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு முரண் புலப்படும். யாரும் இல்லாத தலைவிக்கு நோய் முடியக்கூடும் என்னும் சிறு இடமேனும் உண்டு. பலர் சூழ்ந்து தேற்றும் தலைவிக்கு அதுவும் இல்லை. நன்னாகையாரின் 325ஆம் பாடலில், போவேன் போவேன் என்று தலைவன் பலகால் கூறியதைப் பொய்யெனக் கருதி, அப்படியே போய்விடுக என்று சொல்லிவிட்ட தலைவியின் கண்ணீர் மார்பிடையே பெருங்குளமாகத் தேங்குகிறது. கரிய காலையுடைய வெண்குருகு அதில் மேய்கிறது. அங்குத் துயரம் ஒரு நிலப்பரப்பாக எஞ்சுகிறது. அதில் உயிர்களும் வாழ்கின்றன. கல்பொரு சிறுநுரையாரின் தலைவிக்குப் பின் எஞ்சுவது பாறையும் அதன்மேல் ஓடும் நீரும் மட்டுமே.